சித்திரக் கதையும் திரைச் சிரிப்பும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு நம் சங்கச் செயலாளர் என்னைக் கேட்டபொழுது நான் பெரிதும் தயங்கினேன். சங்க இலக்கியத்தைப் பற்றியோ திருமுறைகளைப் பற்றியோ எழுதும் தகுதி எனக்கில்லை. மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, பகல் முழுவதும் பார்சல் ரசீதும் எடைக் கணக்குமாகக் காலங்கழிக்கும் ரயில்வே குமாஸ்தா நான். "உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்" என்றார் செயலாளர். சிறுவயது முதல் எனக்கு ஓரளவேனும் தெரிந்தது சித்திரக் கதை ஒன்றுதான். பெரியோர்கள் முகம் சுளிக்காமல் இறுதிவரை படிக்க வேண்டுமென முதற்கண் வேண்டிக்கொள்கிறேன்.

இக்கட்டுரைக்கு வித்திட்டவள் என் மகள். சென்ற தீபாவளி விடுமுறையில் ஒரு நாள் வீட்டுத் தொலைக்காட்சியில் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' என்னும் படம் ஓடிக்கொண்டிருந்தது. தொப்பியும் துப்பாக்கியும் குதிரையுமாகத் திரிந்த வீரர்கள் வாய் நிறையத் தமிழ் பேசியதைக் கண்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "அப்பா, இது எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்த கதை?" என்று கேட்டாள். ஆங்கிலப் படங்கள் பல சித்திரக் கதை நூல்களிலிருந்து எடுக்கப்படுவதைப் பள்ளித் தோழியர் வாயிலாக அறிந்தவள் அவள். அக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. அன்று கூற இயலாத விடையே இக்கட்டுரை.

மேனாட்டு வழக்கம்

சித்திரக் கதையைத் திரைக்குக் கொண்டுவரும் வழக்கம் மேனாடுகளில் நன்கு வேரூன்றியது. அதிலும் சண்டையும் சிரிப்பும் கலந்த கதைகளுக்கு அங்கே தனி மதிப்புண்டு. பெல்ஜிய நாட்டு ஓவியர் மோரிஸ் 1946ஆம் ஆண்டில் லக்கி லூக் என்னும் குதிரை வீரனைப் படைத்தார். தன் நிழலைக் காட்டிலும் விரைவாகச் சுடுபவன் அவன் என்பதே அக்கதையின் முதல் நகைச்சுவை. பின்னர் கோசினி என்னும் எழுத்தாளர் அதற்குக் கதை எழுதத் தொடங்கியதும் அதன் புகழ் பன்மடங்காயிற்று. 1991ஆம் ஆண்டில் டெரன்ஸ் ஹில் என்னும் நடிகர் தாமே லக்கி லூக்காக நடித்துத் தாமே இயக்கிப் படமாக்கினார். அதே கோசினி, உடெர்சோ என்னும் ஓவியருடன் கூடி 1959இல் படைத்த ஆஸ்டெரிக்ஸ் கதை 1999இல் நடிகர்கள் நடித்த பெரும்படமாயிற்று. அமெரிக்காவிலும் 1994இல் வெளிவந்த 'தி மாஸ்க்', 1997இல் வெளிவந்த 'மென் இன் பிளாக்' ஆகிய சிரிப்புப் படங்கள் சித்திரக் கதை நூல்களினின்று பிறந்தவையே.

இவை அனைத்திற்கும் ஒரு பொதுத் தன்மை உண்டு. முதலில் நூல், அந்நூலின் உரிமையைப் பெற்று, அதன் பெயராலேயே படம். நம் அண்டை நாடாகிய கேரளத்திலும் இம்முறை உண்டு. ஓவியர் டாம்ஸ் பல்லாண்டுகள் வரைந்துவந்த 'போபனும் மோளியும்' என்னும் சிரிப்புச் சித்திரம் 1971இலேயே மலையாளத் திரைப்படமாக வெளிவந்தது.

தமிழ்நாட்டுக் கதையோ வேறு வழியில் நடந்தது. அவ்வழியை அறிய வேண்டுமாயின் நாம் கோடம்பாக்கத்திற்குச் செல்வதற்கு முன் சிவகாசிக்குச் செல்ல வேண்டும்.

சிவகாசி தந்த சீர்

மழை குறைந்த கரிசல் சீமையாகிய சிவகாசியில் 1920களில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு மேலே ஒட்டுவதற்குப் படம் வேண்டும். பட்டாசுக் கட்டுக்குப் பல வண்ண உறை வேண்டும். அவற்றை வெளியூரில் அச்சிட்டுத் தருவித்த நிலை மாறி, அச்சு இயந்திரங்கள் அவ்வூருக்கே வந்து சேர்ந்தன. மயிலும் கிளியும் தெய்வப் படங்களுமாக வண்ணத்தில் அச்சிட்டுப் பழகிய அந்த ஊரில் சித்திரக் கதை பிறந்ததில் வியப்பொன்றுமில்லை.

1972ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியன் அவர்கள் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் இதழைத் தொடங்கினார். அதன் முதல் கதை 'இரும்புக்கை மாயாவி'. 1962இல் இங்கிலாந்து நாட்டுச் சிறுவர் இதழொன்றில் தொடங்கிய கதை அது. ஒரு கையை இழந்து இரும்புக் கை பூண்ட ஒருவன், மின்சாரம் உடலில் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறான். அந்த இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து திரிகிறது. அதைப் படித்துவிட்டு மின்சார ஸ்விட்சைத் தொடுவதற்கு அஞ்சிய பிள்ளைகளும் உண்டு, ஆசைப்பட்ட பிள்ளைகளும் உண்டு.

1984ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியன் அவர்களின் மகனார் விஜயன் அவர்கள் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் அதே ஆண்டில் வெளிவரலாயிற்று. லயன் இதழ்களின் வாயிலாகவே லக்கி லூக்கும், சிக் பில் கூட்டத்தாரும், டெக்ஸ் வில்லரும் தமிழ் பேசினர். ஓவியம் பிறநாட்டது, உரையாடலோ நம்முடையது. அமெரிக்கப் பாலைவனத்துச் சாராயக் கடையில் நின்றுகொண்டு ஒரு முரடன் நம் ஊர்ச் சந்தைக்காரனைப் போல் வசை பாடுவான். அந்தப் பொருத்தமின்மையே ஒரு சிரிப்பு. இதனை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் திரையில் நாம் காணப்போகும் சிரிப்புக்கு வேர் இதுவே.

திரையுலகமும் அக்காலத்தில் வேறொரு வழியாக இதே இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. 1966இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'வல்லவன் ஒருவன்' படத்தில் துப்பறிவாளராக நடித்த ஜெய்சங்கர் அவர்களைத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று மக்கள் அழைத்தனர். ஒளிப்பதிவாளரும் இயக்குநருமாகிய கர்ணன் அவர்கள், ஜெய்சங்கரைக் குதிரையேற்றி 1970இல் 'காலம் வெல்லும்', 1972இல் 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்களை எடுத்தார். சிவகாசியில் இரும்புக்கை மாயாவி அச்சேறிய அதே ஆண்டில் கொட்டகைகளில் தமிழ்க் குதிரை வீரன் துப்பாக்கி ஏந்தினான். கொட்டகைக்குச் சென்ற அண்ணனும், வீட்டில் இதழ் படித்த தம்பியும் ஒரே கனவைக் கண்டனர் எனலாம்.

பெங்களூரில் ஒரு சிறுவன்

இவ்விடத்தில் என் சொந்தக் கதையைச் சிறிது கூற வேண்டியுள்ளது. என் தந்தையாரும் ரயில்வேயில் பணியாற்றியவர். நாங்கள் பெங்களூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். பள்ளியில் எனக்குக் கன்னடமும் ஆங்கிலமுமே பாடங்கள். தமிழ் வீட்டு மொழியாக மட்டும் இருந்தது. பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. பாட்டியார் அரிச்சுவடி வாங்கிவந்து கற்பிக்க முயன்றார். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

தென்கோடிக்குப் பணி நிமித்தமாகச் சென்று திரும்பும்பொழுதெல்லாம் என் தந்தையார் விருதுநகர் சந்திப்பில் வண்டி நிற்கும் நேரத்தில் ஒரு சித்திரக் கதை வாங்கி வருவார். சிவகாசிக்குச் செல்லும் பாதை பிரியும் இடம் அது. முதலில் படங்களை மட்டும் பார்த்தேன். லக்கி லூக்கின் குதிரை ஏன் அவனைக் கேலி செய்கிறது என்பது படத்தில் விளங்கவில்லை; எழுத்தில் இருந்தது. அந்தச் சிரிப்பை அறியும் ஆவலினால்தான் ககரமும் ஙகரமும் கற்றேன். அரிச்சுவடி செய்யாததை அந்தக் குதிரை செய்தது.

1991ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரிப் பூசல் இந்நகரில் கலவரமாக மூண்ட நாள்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாங்கள் கதவை அடைத்துக்கொண்டு வீட்டிற்குள்ளேயே கிடந்தோம். தமிழ் எழுத்துள்ள தாள் ஒன்றும் வாசற்பக்கம் தெரியலாகாதென்று அம்மா நாட்காட்டியைக்கூடக் கழற்றி உள்ளே வைத்தார். என்னிடம் இருந்த லயன் இதழ் ஒன்றையே ஏழெட்டு முறை படித்தேன். மூன்றாம் நாள் மாலை, அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த கன்னடக் குடும்பத்துப் பையன், என் வயதுடையவன், பின்கட்டு வழியாகப் பால் கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்தவன் போகவில்லை; என் கையிலிருந்த இதழைப் பார்த்தான். இருவரும் அடுப்பங்கரைத் தரையில் அமர்ந்தோம். படத்தை அவன் பார்த்தான். எழுத்தை நான் கன்னடத்தில் சொன்னேன். எந்த இடத்தில் நான் சிரித்தேனோ அதே இடத்தில் அவனும் சிரித்தான். உரக்கச் சிரிக்காதீர்கள் என்று அம்மா வாயில் விரல் வைத்து எச்சரித்தது இன்றும் என் கண்முன் நிற்கிறது.

திரையில் எழுந்த சித்திரங்கள்

என் போன்ற சிறுவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்தனர். அவர்கள் வளர்ந்தனர், சிலர் ஓவியராயினர், சிலர் திரையுலகம் புகுந்தனர். ஆனந்த விகடனில் கேலிச்சித்திரக்காரராக விளங்கிய சிம்புதேவன் அவர்கள் இவ்விரு துறைகளையும் இணைத்தவர். இயக்குநர் ஷங்கர் தயாரிக்க, 2006ஆம் ஆண்டில் அவர் தம் முதற்படமாகிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யை இயக்கினார்.

இரட்டைப் பிள்ளைகள் பிரிந்து, ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் வெளியிலும் வளரும் கதை தமிழ்த் திரைக்குப் புதிதன்று. 1958இல் சிவாஜி கணேசன் அவர்கள் நடித்த 'உத்தம புத்திரன்' அவ்வகையே. புதுமை சொல்லும் முறையில் இருந்தது. ஒவ்வொரு காட்சியும் கேலிச்சித்திரக் கட்டம் போல் அமைந்தது. ஒல்லியான மன்னன் தனக்கு மல்லனின் உடலை வரைந்து தருமாறு ஓவியனைப் பணிப்பதும், சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் திறப்பதும், வெளிநாட்டுக் குளிர்பானத்திற்கு நாட்டைத் திறந்துவிடுவதும் பத்திரிகைக் கேலிச்சித்திரங்களே உயிர்பெற்று நடந்தாற்போல் இருந்தன. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் மன்னனுக்குக் கட்டியமும் கூறுவான், கேலியும் செய்வான். அந்தக் கட்டியங்காரனையே சிம்மாசனத்தில் அமர்த்திவிட்டால் எப்படியிருக்கும்? வடிவேலு அவர்களின் புலிகேசி அதுதான்.

பெங்களூரில் வாழும் நாம் இப்பெயரைக் குறித்து ஒன்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாதாபியில் அரசாண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, வடநாட்டு ஹர்ஷரை நருமதைக் கரையில் தடுத்து நிறுத்திய பெருவீரன். நம்மவர் பலர் குடியிருக்கும் பிரேசர் டவுனுக்கு இன்று புலிகேசி நகர் என்பதே பெயர். கல்கி அவர்களின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த நமக்கு அவன் பல்லவரின் பகைவன். நம்மோடு வாழும் கன்னட மக்களுக்கோ பெருமைக்குரிய முன்னோன். படத்தில் வரும் கோமாளி மன்னன் சாளுக்கியன் அல்லன் என்பதை 23 என்னும் எண்ணே காட்டிவிடுகிறது. ஆயினும் விருந்தினர் முன்னிலையில் நம் வீட்டில் அப்படம் ஓடும்போது இவ்வேறுபாட்டை நாமே எடுத்துரைப்பது அண்டை வீட்டாருக்கு நாம் செய்யும் மரியாதை. அடுப்பங்கரையில் என்னோடு அமர்ந்து சிரித்த பையனும் அந்த வாதாபி மன்னனின் கதையைப் பள்ளியில் படித்து வளர்ந்தவன் அல்லவா?

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2010இல், சிம்புதேவன் அவர்களின் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' வெளிவந்தது. ராகவா லாரன்ஸ் கதாநாயகர்; ஜி. வி. பிரகாஷ்குமார் இசை. படத்தின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சிவகாசிச் சித்திரக் கதையின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டிய பெயர் அது. இரும்புக்கை மாயாவிக்குத் தம்பி முறை என்றே சொல்லலாம். கதையில் துன்புறும் ஊரின் பெயர் ஜெயசங்கரபுரம்; கர்ணன் அவர்களின் குதிரை வீரருக்குச் செலுத்திய வணக்கம். ஆதிக்கம் செலுத்தும் ஊர் உசாபுரம். அப்பெயரை ஆங்கில எழுத்தாகக் கூட்டிப் பார்ப்பவருக்கு எந்த வல்லரசு என்பது விளங்கும். நாசர் அவர்கள் ஏற்ற வில்லனின் பெயர் கிழக்குக் கட்டை. அமெரிக்கக் குதிரைப் படங்களில் புகழ்பெற்ற கிளின்ட் ஈஸ்ட்வுட் என்னும் நடிகரின் குடும்பப் பெயரைத் தமிழாக்கினால் வருவது அது. பிறநாட்டு ஓவியத்தின் வாயில் நம் ஊர்ப் பேச்சை வைத்த அந்தப் பழைய சிரிப்பு, இங்கே மனிதர் வேடத்தில் வந்து நின்றது.

அண்மையில், 2023ஆம் ஆண்டில், மடோன் அஸ்வின் இயக்கிச் சிவகார்த்திகேயன் நடித்த 'மாவீரன்' இவ்வரிசையில் மற்றொரு படி. அதில் கதாநாயகனே பத்திரிகைக்குச் சித்திரத் தொடர் வரையும் இளைஞன். குடிசையினின்று அகற்றப்பட்டு 'மக்கள் மாளிகை' என்னும் அடுக்கு வீட்டில் குடியேற்றப்பட்ட குடும்பம் அவனுடையது. சுவர் உதிர்கிறது, கதவு கையோடு வருகிறது. அவன் வரையும் வீரன் அஞ்சாதவன். வரைபவனோ அஞ்சி ஒதுங்குபவன். ஒரு நாள் அவ்வீரனின் கதையைக் கூறும் குரல் அவன் காதில் ஒலிக்கத் தொடங்கி, அவனை வலிந்து வீரனாக்குகிறது. சிரிக்கச் சிரிக்கச் செல்லும் அப்படம், சித்திரக் கதை வரைபவனும் படிப்பவனும் அக்கதைக்கு உண்மையாய் வாழ வேண்டாமா என்று கேட்டு முடிகிறது.

மகளுக்கு விடை

இப்போது என் மகளின் கேள்விக்கு வருகிறேன். இம்மூன்று படங்களும் கடைகளில் விற்ற எந்த ஒரு சித்திரக் கதை நூலையும் அப்படியே எடுத்து நடித்தவை அல்ல. மேனாட்டார் நூலைப் படமாக்கினர். நம்மவர் நூல் படித்த நினைவைப் படமாக்கினர். இரவல் வாங்கி, அட்டை கிழிந்து, பக்கம் தொலைந்து, தெரு முழுதும் கைமாறிய இதழ்கள் ஒரு தலைமுறையின் மனத்தில் ஏற்றிவைத்த விளக்கே பிறகு திரையில் ஒளியாயிற்று. ஆகவே, "எந்தப் புத்தகம்?" என்பதற்கு, "நான் படித்த அத்தனைப் புத்தகங்களும், அம்மா" என்பதே விடை.

அவ்விடையைக் கூறி, அவற்றுள் ஒன்றையேனும் எடுத்துக் காட்டலாமென்று பரணில் ஏறினேன். அப்போதுதான் நினைவு வந்தது. பத்தாண்டுகளுக்கு முன் குவார்ட்டர்ஸ் மாறியபொழுது இரண்டு பெட்டி நிறைய இருந்த இதழ்களைப் பழைய தாள் வியாபாரியிடம் எடைக்குப் போட்டவன் நானே. பார்சல் எடை போட்டே பழகிய கை, அவற்றையும் எடை போட்டுவிட்டது. எத்தனை கிலோ என்பது இன்றும் நினைவிருக்கிறது. ஒரு கதையின் பெயரைக்கூட அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த 1991ஆம் ஆண்டு இதழும் அதில் போயிற்று.

என் மகள் தமிழ்ப் படம் பார்க்கிறாள்; புலிகேசியின் வசனங்களைக் கைப்பேசியில் கேட்டுத் தலைகீழாக ஒப்பிக்கிறாள். ஆனால் படத்தின் தலைப்பு திரையில் வரும்போது அதைப் படிக்க அவளால் இயலவில்லை; என்னைத்தான் கேட்கிறாள். என் மகளை மட்டும் சொல்லவில்லை. நம் காலனியில் எத்தனை வீடுகளில் இந்நிலை என்பதை அவரவர் மனச்சாட்சி அறியும். படிப்பவர் இருந்ததால் படம் வந்தது. இனிப் படிப்பவர் இல்லையாயின் நாளைய படத்திற்கு நினைவு எங்கிருந்து வரும்?

நற்செய்தி ஒன்றுண்டு. ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோயினும், லயனும் முத்துவும் இடையில் தளர்ந்து 2012 முதல் புத்துயிர் பெற்றன. முத்து காமிக்ஸ் 2022இல் பொன்விழாக் கண்டது. முன்னாளில் கறுப்பு வெள்ளையில் பார்த்த லக்கி லூக், இன்று வழவழப்பான தாளில் முழு வண்ணத்தில் தமிழ் பேசுகிறான்.

ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு என் பணிவான வேண்டுகோள் இதுவே. நம் சங்க நூலகத்தில் திருக்குறளும் சிலப்பதிகாரமும் இருக்கும் அலமாரியின் கீழ்த் தட்டு காலியாக இருக்கிறது. குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரமும் அதுதான். அத்தட்டில் சித்திரக் கதைகளை வைக்க இசைவு தருக. சிறுபிள்ளைத்தனம் என்று சென்ற ஆண்டு பொதுக்குழுவில் கூறிய பெரியவரை நான் மதிக்கிறேன். சிறுபிள்ளைகளுக்காகக் கேட்பது சிறுபிள்ளைத்தனமாக இருப்பதில் குற்றமில்லை என்று மட்டும் அவருக்கு விண்ணப்பித்துக்கொள்கிறேன். கீழ்த்தட்டில் தொடங்கும் கை ஒருநாள் மேல்தட்டை எட்டும்.

முதற்படியாக, தீபாவளி கழிந்த மறுவாரமே நான் வரவழைத்த லக்கி லூக் நூல் ஒன்றைச் சங்கத்திற்கு அளிக்கிறேன். அதன் முதல் எட்டுப் பக்கங்களில் எழுத்துகளுக்கு அடியில் பென்சில் கோடு இருக்கும், மன்னிக்கவும். என் மகள் விரலோடு பென்சிலும் நகர்த்திக் கூட்டிப் படித்த அடையாளம் அது. ஒன்பதாம் பக்கத்திலிருந்து கோடு இல்லை. அங்கே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.